17ஆம் நாள் திரும்பி வந்தவர்: இதயச் செயலிழப்பில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய ஆறு வாரங்கள்

அவர் முதல் தடவை வீட்டுக்குப் போனபோது வார்டில் எல்லோருக்கும் திருப்தி. மூச்சுத்திணறல் அடங்கியிருந்தது. இரண்டு நாளாகப் படுத்தே தூங்கினார். யார் கையையும் பிடிக்காமல் வராந்தா முனைவரை நடந்து காட்டினார். டிஸ்சார்ஜ் தாளில் "ஒரு மாதம் கழித்து வரவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். 17ஆம் நாள் இரவு, வாக்கியத்தை முடிக்கக்கூட மூச்சில்லாமல், சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். பின்னால் வந்த மகள் கேட்டார்: "மாத்திரை எல்லாம் நேரம் தவறாமதான் குடுத்தேன் டாக்டர். நான் எங்க தப்புப் பண்ணேன்?"

தப்பு அவருடையதல்ல. அது எங்கே நடந்தது, இரண்டாவது தடவை என்ன மாற்றினோம், அந்த மாற்றத்துக்கு எந்த ஆய்வுகள் ஆதாரம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றி, ஒரே மாதிரியான சில நோயாளிகளின் அனுபவத்தை ஒருவருடையதாகச் சேர்த்திருக்கிறேன்.

முதல் அனுமதி

61 வயது ஆண். நீண்டகால ரத்த அழுத்தம். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு. நீரிழிவு இல்லை. மூன்று வாரமாகக் கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, நடு இரவில் எழுந்து உட்காருவது. எக்கோவில் இடது கீழறையின் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 28 சதவீதம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் அறையில் உள்ள ரத்தத்தில் அவ்வளவுதான் வெளியேறுகிறது. நீர் வடிக்கும் மருந்தான ஃபுரோசெமைடை நரம்பு வழியாகக் கொடுத்தோம், சிறுநீர் நன்றாகப் போனது. ஐந்தாம் நாள் ஃபுரோசெமைடு 40 மி.கி., பைசோப்ரோலால் 1.25 மி.கி., எனலாப்ரில் 2.5 மி.கி. இரு வேளை, இவற்றோடு ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் எழுதி வீட்டுக்கு அனுப்பினோம். அன்றைய எடை 71.8 கிலோ. கணுக்காலில் கொஞ்சம் வீக்கம் மிச்சமிருந்தது, "மாத்திரையிலேயே வடிந்துவிடும்" என்று விட்டுவிட்டோம்.

பார்க்கிறவர்களுக்கு இது சரியான சிகிச்சையாகத்தான் தெரியும். எழுதிய மருந்துகளில் ஒன்றுகூடத் தவறில்லை. "குறைந்த அளவில் ஆரம்பி, மெல்ல ஏற்று" என்றுதான் எங்கள் தலைமுறை மருத்துவர்கள் படித்தோம். ஏற்றுவது யார், எப்போது என்ற கேள்வி மட்டும் அந்தத் தாளில் இல்லை.

திரும்பி வந்த இரவு

ரத்த அழுத்தம் 126/78, நாடித் துடிப்பு 104, மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் அளவு 89. கழுத்துச் சிரை தாடை வரை புடைத்திருந்தது. இரண்டு நுரையீரல்களின் அடியிலும் நீர் கோத்த ஒலி. முழங்கால் வரை அழுத்தினால் குழி விழும் வீக்கம். எடை 74.6 கிலோ. இசிஜியில் பழைய மாரடைப்பின் தடம் தவிரப் புதிதாக எதுவுமில்லை, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ஏறி இறங்கவுமில்லை. இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் என்டி-புரோபிஎன்பி 6,840. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.3, பொட்டாசியம் 4.2. ஹீமோகுளோபின் 11.8, இரும்புச் சத்தின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் 62, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 14 சதவீதம், இரண்டுமே குறைவு.

மூச்சு கொஞ்சம் அடங்கிய பிறகு நிதானமாகப் பேசியதில் ஒரு விஷயம் வெளியே வந்தது. வீட்டுக்குப் போன நான்காம் நாளிலிருந்து முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் சாப்பிட்டிருக்கிறார், தினமும் இரண்டு வேளை. அவருக்கு அது பல ஆண்டுப் பழக்கம். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. அதனால் உப்பும் நீரும் உடம்பிலேயே தங்குகின்றன, ஃபுரோசெமைடின் வேலையும் மழுங்குகிறது. இதயம் பலவீனமானவருக்கு இது நேரடியான கேடு. அந்த ஒரு கேள்வியை நான் முதல் அனுமதியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

எல்லாப் பழியையும் டைக்ளோஃபெனாக் மேல் போட்டுவிட முடியாது. இந்தத் தடவை நீர் முழுவதும் வடிந்தபோது அவருடைய எடை 68.1 கிலோ. அப்படியானால் நாங்கள் "சரியாகிவிட்டது" என்று முதலில் அனுப்பிய அன்றே அவர் உடம்பில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் இருந்திருக்கிறது. மூச்சுத்திணறல் அடங்குவது வேறு, நீர் வடிவது வேறு. முதலாவது சீக்கிரம் நடந்துவிடும். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தோம்.

நீரை வடிப்பது

வீட்டில் 40 மி.கி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்பதால் அதே அளவை முதலில் நரம்பு வழியாகக் கொடுத்தோம். இரண்டு மணி நேரம் கழித்துச் சிறுநீரில் சோடியம் பார்த்தோம். 46 இருந்தது. 50 முதல் 70க்குக் கீழே இருந்தால் மருந்தின் அளவு போதவில்லை என்பது ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2021 வழிகாட்டியில் உள்ள கணக்கு. காத்திருக்காமல் 80 ஆக்கினோம். முன்பெல்லாம் மறுநாள் காலை ரவுண்ட்ஸில், சிறுநீர் அளவையும் எடையையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்போம். அதற்குள் ஒரு நாள் போய்விடும்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீர்ச் சோடியத்தை வைத்து மருந்தளவை நிர்ணயிக்கும் முறையை 310 பேரிடம் சோதித்தது 2023இல் வெளிவந்த புஷ்-ஏஹெச்எஃப் ஆய்வு. முதல் 24 மணி நேரத்தில் வெளியேறிய சோடியம் கூடியது உண்மை. ஆனால் ஆறு மாதத்தில் மரணமோ மறு அனுமதியோ குறையவில்லை. அதனால் உயிரைக் காக்கும் முறை என்று இதைச் சொல்ல மாட்டேன். நீர் சீக்கிரம் வடிந்தால் அடுத்த மருந்துகளைச் சீக்கிரம் தொடங்க முடிகிறது, எனக்கு இதில் உள்ள லாபம் அவ்வளவுதான்.

சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் ஃபுரோசெமைடை அரைகுறையாகக் கொடுக்கிற பழக்கத்துக்கு 2011இல் வந்த டோஸ் ஆய்வு நல்ல பதில். 308 பேரில், வீட்டில் எடுத்த அளவைப் போல இரண்டரை மடங்கு பெற்றவர்களுக்கும் அதே அளவு பெற்றவர்களுக்கும் 72 மணி நேரத்தில் கிரியேட்டினின் மாற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எங்கள் நோயாளிக்கும் மூன்றாம் நாள் 1.5 வரை ஏறி, நீர் வடிந்ததும் 1.3க்கு இறங்கியது.

நான்கு மருந்துகள், ஒரே வாரத்தில்

எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் குறைந்த இதயச் செயலிழப்பில் ஆயுளை நீட்டிப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து வகைகள் நான்கு. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாதக்கணக்கில் சேர்க்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், மருந்தியலில் அதற்குப் பெரிய காரணம் கிடைக்கவில்லை. 1987இல் எனலாப்ரில் ஆய்வு வந்தது. 1999இல் பைசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்களும் ஸ்பைரோனோலாக்டோனும். 2014இல் எனலாப்ரிலுக்கு மாற்றாகச் சாகுபிட்ரில்-வால்சார்ட்டன். 2019இல் டாபாகிளிஃப்ளோசின். ஒவ்வொரு ஆய்விலும் புது மருந்தைப் பழைய மருந்தோடு கூடுதலாகவோ அதற்கு மாற்றாகவோ கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வுகள் வெளிவந்த வரிசையையே நாம் சிகிச்சையின் வரிசையாக்கிக்கொண்டோம். அந்த வரிசையின் கடைசியில் இருக்கிற மருந்துக்காக நோயாளி ஒரு வருடம் காத்திருந்தார், சிலர் அதற்குள் இறந்தும் போனார்கள்.

பீட்டா பிளாக்கரின் கதை எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். இதயம் பலவீனமானவருக்கு அதைக் கொடுப்பது ஆபத்து என்று எல்லோரும் நம்பிய காலத்தில், 1975இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் வாக்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் ஏழு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து முன்னேற்றம் கண்டதாக எழுதினார்கள். மருத்துவ உலகம் முழுசாக நம்புவதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது. 1999இல் வந்த சிபிஸ்-2 ஆய்வில் 2,647 பேர். பைசோப்ரோலால் எடுத்தவர்களில் 11.8 சதவீதம் பேரும், எடுக்காதவர்களில் 17.3 சதவீதம் பேரும் இறந்தார்கள்.

எங்கள் நோயாளிக்கு இரண்டாம் நாளே டாபாகிளிஃப்ளோசின் வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. தொடங்கினோம். "எனக்குத்தான் சுகர் இல்லையே, இது சுகர் மாத்திரைன்னு போட்டிருக்கே?" என்று அட்டையைக் காட்டிக் கேட்டார். நியாயமான கேள்வி. டாபா-ஹெச்எஃப் ஆய்வில் சேர்ந்த 4,744 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இல்லை, பலன் இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்கலாம் என்பதற்கு 530 பேரிடம் நடந்து 2022இல் வந்த எம்பல்ஸ் ஆய்வு துணை. வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாட்களில் இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு எங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதை மகளிடம் எழுதியே கொடுத்தோம். சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் அமிலம் கூடும் அபாயம் இந்த மருந்தில் உண்டு. அரிதுதான், தெரியாமல் விட்டால் ஆபத்து.

எனலாப்ரிலை முதல் இரவே நிறுத்தி, 36 மணி நேரம் இடைவெளி விட்டு மூன்றாம் நாள் சாகுபிட்ரில்-வால்சார்ட்டன் 24/26 மி.கி. இரு வேளை தொடங்கினோம். இடைவெளி விடாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கும் ஆஞ்சியோஎடிமா வரலாம். அதே நாள் ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. சேர்ந்தது. பைசோப்ரோலாலை மட்டும் நீர் நன்றாக வடியும்வரை 1.25இலேயே வைத்திருந்து, ஆறாம் நாள் 2.5 ஆக்கினோம். அன்றே சாகுபிட்ரில்-வால்சார்ட்டன் 49/51 ஆனது. இரும்புச் சத்துக் குறைவுக்கு ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் 1 கிராம் நரம்பு வழியாக ஏற்றினோம். ஏழாம் நாள் என்டி-புரோபிஎன்பி 2,610. எட்டாம் நாள் ரத்த அழுத்தம் 108/68, நாடி 78, பொட்டாசியம் 4.5, கணுக்காலில் வீக்கம் துளிகூட இல்லை.

ஸ்ட்ராங்-ஹெச்எஃப் சொன்னது

இனி நான் முக்கியமாக நினைக்கும் பகுதி. 2022 நவம்பரில் லான்செட் இதழில் ஸ்ட்ராங்-ஹெச்எஃப் ஆய்வு வெளியானது. 14 நாடுகள், 87 மருத்துவமனைகள், 1,078 நோயாளிகள். எல்லோரும் தீவிர இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்டு வீடு திரும்பத் தயாராக இருந்தவர்கள், பரிந்துரைக்கப்பட்ட முழு அளவு மருந்தை அதுவரை எட்டாதவர்கள். இதில் எந்தப் புது மருந்தையும் சோதிக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் மருந்துகளை எவ்வளவு வேகமாக, எவ்வளவு கவனமாக ஏற்றுவது என்பதையே சோதித்தார்கள்.

ஒரு பிரிவுக்கு அந்தந்த மருத்துவமனையின் வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவுக்கு வீட்டுக்குப் போகுமுன்பே பாதி அளவு, இரண்டாம் வாரத்தில் முழு அளவு. முதலாம், இரண்டாம், மூன்றாம், ஆறாம் வாரங்களில் நேரில் பரிசோதனை, ஒவ்வொரு தடவையும் பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு, என்டி-புரோபிஎன்பி. 180 நாட்களில் இறந்தவர்களும் இதயச் செயலிழப்புக்காக மறுபடி சேர்க்கப்பட்டவர்களும் சேர்த்து, வழக்கமான பிரிவில் 23.3 சதவீதம், தீவிரக் கவனிப்புப் பிரிவில் 15.2 சதவீதம். இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 90ஆம் நாளில் பீட்டா பிளாக்கரின் முழு அளவை எட்டியவர்கள் தீவிரப் பிரிவில் 49 சதவீதம், வழக்கமான பிரிவில் 4 சதவீதம்.

அந்த 4 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, குற்றவுணர்வுதான் வந்தது. என் டிஸ்சார்ஜ் தாள்கள் அந்த நான்கு சதவீதத்துக்கு வெளியேதான் இருந்திருக்கும்.

இந்த ஆய்வை அப்படியே வேதமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியும், அது முடிவுகளைப் பாதித்திருக்கலாம். முன்கூட்டியே நிறுத்தப்படும் ஆய்வுகள் பலனைச் சற்றுக் கூட்டிக் காட்டும் வாய்ப்பும் உண்டு. மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் 8.5க்கும் 10.0க்கும் உள்ள வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதல்ல, பலனில் பெரும்பங்கு மறு அனுமதி குறைந்ததால் வந்தது. பக்கவிளைவுகள் 90 நாட்களில் தீவிரப் பிரிவில் 41 சதவீதம், மற்றதில் 29 சதவீதம். கடுமையானவை மட்டும் ஏறக்குறைய சமம், 16க்கு 17. நான்காவது மருந்து வகையான எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை இந்த ஆய்வின் திட்டத்திலேயே இல்லை. இத்தனையையும் எடைபோட்ட பிறகும் ஐரோப்பிய வழிகாட்டி 2023இல் இந்த முறையை முதல் தரப் பரிந்துரையாக ஏற்றது. என் கருத்தும் அதுவே.

வாரம் வாரமாக

முதல் வாரம் வந்தபோது எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். ரத்த அழுத்தம் 100/64, நாடி 74, கிரியேட்டினின் 1.5, எடை 67.4. கை பழக்கத்தில் பைசோப்ரோலாலுக்கோ சாகுபிட்ரிலுக்கோதான் போகும். பழைய நானாக இருந்தால் இரண்டையும் பாதியாக்கியிருப்பேன். ஆனால் கழுத்துச் சிரை தட்டையாக இருந்தது, நுரையீரல் சுத்தம், என்டி-புரோபிஎன்பி 2,180க்கு இறங்கியிருந்தது. நீர் மிஞ்சி இல்லை, குறைந்துதான் போயிருக்கிறது. ஃபுரோசெமைடை 20 ஆக்கினோம், பைசோப்ரோலாலை 5க்கு ஏற்றினோம். இரண்டு நாளில் தலைசுற்றல் நின்றது. ஆயுளைக் கூட்டும் மருந்தைக் குறைப்பதற்கு முன் நீர் மாத்திரையைப் பார்க்க வேண்டும் என்பது இந்த முறையில் நான் கற்றதில் மிகப் பயனுள்ள பாடம்.

எப்போது ஏற்றக் கூடாது என்பதற்கும் ஆய்வில் தெளிவான வரம்பு உண்டு. மேல் ரத்த அழுத்தம் 95க்குக் கீழே, நாடி 55க்குக் கீழே, பொட்டாசியம் 5.0க்கு மேலே, சிறுநீரக வடிகட்டும் அளவு 30க்குக் கீழே போனால் ஏற்றம் நிற்கும். டிஸ்சார்ஜின்போது இருந்ததைவிட என்டி-புரோபிஎன்பி 10 சதவீதத்துக்கு மேல் ஏறினால் பீட்டா பிளாக்கரைக் கூட்டாமல் நீர் மாத்திரையைக் கூட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். ஒரு சின்னக் குறிப்பு: சாகுபிட்ரில் எடுப்பவருக்கு பிஎன்பி பரிசோதனை ஏமாற்றும், மருந்தே அதை ஏற்றிவிடும். என்டி-புரோபிஎன்பிதான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வாரம் சாகுபிட்ரில்-வால்சார்ட்டன் முழு அளவு, 97/103. எல்லாம் ஒழுங்காகப் போவதாக நினைத்தோம். மூன்றாம் வாரம் பொட்டாசியம் 5.5.

இங்கேதான் 2004இல் கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து வந்த கட்டுரை நினைவுக்கு வர வேண்டும். 1999இல் ரேல்ஸ் ஆய்வு, ஸ்பைரோனோலாக்டோன் மரண ஆபத்தை 30 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. அதன் பிறகு அங்கே இந்த மாத்திரை எழுதப்படுவது நான்கு மடங்குக்கு மேல் ஆனது. பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்தது, 2001இல் 11.0 ஆனது. அதே மருந்துதான். ஆய்வில் இருந்த ரத்தப் பரிசோதனை ஒழுங்கு வெளியே எல்லா இடத்திலும் இருந்திருக்காது. வேகமாக ஏற்றுவதை மட்டும் எடுத்துக்கொண்டு வாராந்தரப் பரிசோதனையை விட்டுவிட்டால் நாமும் அங்கேதான் போய் நிற்போம்.

மாத்திரையைக் குறைக்குமுன் உட்கார வைத்துக் கேட்டோம். உப்பைக் குறைக்கச் சொன்னோம் அல்லவா, அதற்காகச் சோடியம் குறைந்த மாற்று உப்பை வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. எங்கள் அறிவுரையை அக்கறையோடு கடைப்பிடித்ததால் வந்த சிக்கல் அது. மாற்று உப்பை நிறுத்தச் சொல்லி, ஸ்பைரோனோலாக்டோனை 12.5 ஆக்கி, ஐந்து நாள் கழித்துப் பார்த்தபோது 4.8. ஆறாம் வாரம் 4.6 ஆனதும் மறுபடி 25க்குக் கொண்டுவந்தோம். அன்று என்டி-புரோபிஎன்பி 1,040. பைசோப்ரோலால் 7.5 வரை போனது. அதற்கு மேல் முடியவில்லை, நாடி 57இல் நின்றது. ஆய்விலேயே ஏறக்குறைய பாதிப் பேர்தான் பீட்டா பிளாக்கரின் முழு அளவை எட்டினார்கள். தாங்கக்கூடிய உச்ச அளவுதான் இலக்கு, தாளில் இருக்கும் எண் அல்ல.

முழங்கால் வலிக்குப் பாராசிட்டமாலும் பூச்சு மருந்தும் பிசியோதெரபியும். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் டைக்ளோஃபெனாக் ஏன் கூடாது என்பதை அவரே மற்றவர்களுக்கு விளக்குகிறார்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும்

மூன்று மாதம் முழுச் சிகிச்சைக்குப் பிறகு எக்கோ எடுத்தோம். எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 39 சதவீதம். 35க்குக் கீழேயே நின்றிருந்தால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐசிடி கருவி பொருத்துவதைப் பேச வேண்டியிருக்கும். மருந்து சிறிய அளவிலேயே நின்றிருந்தால் இதயம் இந்த அளவு தேறியிருக்குமா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒரே நோயாளியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. வலி மாத்திரையை நிறுத்தியது, இரும்புச் சத்து ஏற்றியது, நீரை முழுசாக வடித்தது என்று பல விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

ஆறாம் மாதம் வரை மறு அனுமதி இல்லை. எடை 68க்கும் 69க்கும் இடையில். தினமும் காலையில் எடை பார்த்து மகள் ஒரு நோட்டில் எழுதுகிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் எங்களை அழைக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே குறித்திருக்கிறார். அப்படி ஒரு தடவை அழைத்தார். ஃபுரோசெமைடை மூன்று நாள் 40 ஆக்கியதோடு சரியானது.

எங்கள் வார்டில் டிஸ்சார்ஜ் தாளும் மாறியிருக்கிறது. "ஒரு மாதம் கழித்து வரவும்" என்ற வரி எடுக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் நான்கு தேதிகளுக்கான கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அன்று எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையும் ஏற்ற வேண்டிய மருந்தும். கட்டங்கள் நிரம்பாமல் நர்ஸ் கையெழுத்துப் போடுவதில்லை. நான்கு வருகைக்கும் ஒருவர் வர முடியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் நல்ல வழி அமையவில்லை. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் ரத்தத்தை மட்டும் வீட்டருகே கொடுத்துவிட்டுத் தொலைபேசியில் பேசும் ஏற்பாட்டை இப்போது சிலரிடம் முயன்று பார்க்கிறோம். கழுத்துச் சிரையைத் தொலைபேசியில் பார்க்க முடியாதுதான். அந்த இரண்டு வாரத்துக்கு எடை நோட்டை நம்புகிறோம்.